தனிமைக்கு எது தோது? ஒரு திங்கட்கிழமைக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் மாடியில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. கீழ்வீட்டுக்காரர்கள் மகள் வீட்டுக்கோ கோயிலுக்கோ கிளம்பியிருப்பார்கள். சத்தமில்லாத வீடுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனாலும் சரியாக அந்த நாலு மணிக்குத் தொண்டையில் ஏதோ வந்து அடைத்துக்கொள்ளும். யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுப்பேன். கூப்பிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். எனக்கு வயது 37. ஆட்டிசம் (பிறவியிலேயே மூளை சத்தத்தையும் மனிதர்களையும் வேறு விதமாக எடுத்துக்கொள்ளும் இயல்பு) இருப்பது 33 வயதில்தான் தெரியவந்தது.

"உனக்குத்தான் தனியா இருக்கப் பிடிக்குமே" என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1943-இல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே தனித்திருக்கும் இயல்பைத்தான் முக்கிய அடையாளமாக வைத்தார். ஆட்டிசம் என்ற சொல்லே 'தான்' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. (தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். என் மதி இறுகிக் கிடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.) தனியாக இருக்கப் பிடிப்பதும் தனிமையில் வாடுவதும் ஒரே ஆளுக்குள் சேர்ந்தே இருக்கலாம். பந்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவருக்குப் பசியே எடுக்காது என்று யாரும் முடிவுகட்டுவதில்லையே.

இந்த நாலு வருஷத்தில் பல வழிகளை முயன்று பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய எனக்குத் தெம்பும் கிடையாது, காசும் கிடையாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க ஒரு நோட்டு போட்டேன். அதில் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் இரண்டே கேள்வி. போன வாரம் போய்வந்ததிலிருந்து தேறுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது? அதிலிருந்து இன்றைக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? எத்தனை பேரைப் பார்த்தேன் என்ற கணக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஏன் என்பதற்கு ஒரு கல்யாணக் கதை சொல்ல வேண்டும்.

சித்தி மகள் கல்யாணம், தென்காசியில். மண்டபத்தில் எப்படியும் நானூறு பேர். நாதஸ்வரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது ஸ்பீக்கர் வழியாக வந்து, அதன்மேல் ஒருவர் மைக்கில் கார் நம்பர் சொல்லி வண்டியை எடுக்கச் சொல்ல, வெளியே ஜெனரேட்டர் உறும, எல்லாம் ஒரே அளவு சத்தமாகக் காதுக்குள் இறங்கியது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். எனக்கு அது ஒரு வேலை. எதிரில் வருகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், ஆனால் முறைப்பது போல ஆகிவிடக் கூடாது. மூன்று விநாடி என்று மனதுக்குள் எண்ணுவேன். எப்ப வந்த, எங்க வேலை, இன்னும் ஒண்ணும் அமையலையா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒரு பெரியம்மா நாலாவதாக, "ஏட்டி, என்ன இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?" என்றார்கள். அதற்குப் பதில் தயாரிக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். நானூறு பேருக்கு நடுவில் நின்ற அந்த நிமிஷத்தில் இருந்த தனிமை, என் மாடியில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்ததில்லை.

அப்புறம் மணவறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் போனேன். அங்கே அத்தை ஒருத்தி தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம், ஒரு சாத்துக்குடி, பையை மடித்து வலப்பக்கம் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம், இருநூறு பைக்கு மேல். "இந்தா", "கட்டு தீர்ந்துட்டு" என்பதைத் தாண்டி நாங்கள் பேசவில்லை. கடைசியில் அத்தை, "நீ கூட இருந்தது நல்லாயிருந்துட்டி" என்றாள். அந்தத் திங்கட்கிழமைக் கணக்கு: தேறுவதற்கு நாலு நாள். மிச்சம், தாம்பூலப் பை.

நாலு நாள் பிடித்ததற்குக் காரணம் மாஸ்கிங். மற்றவர்கள் மாதிரி நடந்துகொள்வதற்காக உள்ளே ஓயாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் நாடகம் அது. பழகினால் சுலபமாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் பழகப் பழக நடிப்புதான் சுத்தமாகிறது, செலவு குறைவதில்லை. இன்னொன்றும் உண்டு. வேஷத்தோடு பழகும்போது கிடைக்கிற அன்பெல்லாம் வேஷத்துக்குப் போய்விடுகிறது, உள்ளே இருக்கிற ஆளுக்கு வந்து சேர்வதில்லை.

இனி வழிகளைப் பார்க்கலாம். அம்மாவின் வழி கல்யாணம். "ஒருத்தன் வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்." அம்மா சொல்வதை நான் சும்மா தள்ளவில்லை. ஆட்டிசம் உள்ள எத்தனையோ பேர் கல்யாணம் செய்து நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் தனிமைக்கு மருந்து என்று எடுத்துக்கொண்டால், இதை மட்டும்தான் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்க முடியாது, ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சுலபமாக நிறுத்தவும் முடியாது. பெண் பார்க்கும் சடங்கோ மாஸ்கிங்குக்கு வைத்த பரீட்சை மாதிரி. அதில் நான் நல்ல மார்க் வாங்கிவிடுவேன், சிக்கலே அங்குதான். ஆட்டிசத்தை மறைத்துச் செய்கிற கல்யாணம் என்றால் வீட்டுக்குள்ளும் வேஷம் போட வேண்டும், அதுவும் இருபத்துநாலு மணி நேரமும். ஆளைத் தெரிந்து, ஆட்டிசத்தையும் தெரிந்து ஒருவர் வந்தால் சரி. அதற்கும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கும் சம்பந்தமில்லை.

ஊருக்கே திரும்பிப்போவது இன்னொரு வழி. இதில் நிஜமாகவே ஒரு சுகம் உண்டு. அடுத்த அறையில் அம்மா இருப்பாள். பேச வேண்டிய அவசியமில்லை, மிக்ஸி சத்தமும் குக்கர் விசிலும் போதும். (எதிர்பார்த்து வருகிற சத்தம் என்னை ஒன்றும் செய்யாது.) ஆனால் எங்கள் ஊர் வீட்டில் கதவைச் சாத்தினால் "உடம்பு சரியில்லையா?" என்று மூன்று பேர் வந்து நிற்பார்கள். சொல்லாமல் வருகிற விருந்தாளிகள் வேறு. என் நோட்டின்படி நாலாவது நாள் வரை நன்றாக இருக்கிறேன், ஏழாவது நாள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகிறேன். ஆகவே ஐந்து நாள். வருஷத்தில் மூன்று தடவை. நிரந்தரமாக என்றால் எனக்கு ஆகாது. தனி அறையும் கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கமும் உள்ள வீடு வாய்த்தவர்கள் இதை முதல் வழியாகவே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான இணையக் குழு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைத் தரையிலிருந்து முதலில் தூக்கிவிட்டது இதுதான்.

நான் இருக்கும் குழுவில் பன்னிரண்டு பேர். புதன்கிழமை இரவு எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். கேமரா போட வேண்டாம். பேச வராத அன்றைக்குத் தட்டச்சு செய்யலாம். முதல் தடவை போனபோது ஒருவர், "இன்னைக்குப் பேச முடியல, கேட்டுட்டு மட்டும் இருக்கேன்" என்று எழுதினார். "ஏன், என்னாச்சு?" என்று யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் "சரி" என்று எழுதினார். அவ்வளவுதான். அந்தச் "சரி"யைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய முப்பத்து மூன்று வருஷத்தில் அது எனக்குக் கிடைத்த ஞாபகமே இல்லை.

இது ஏன் சுலபமாக இருக்கிறது என்பதற்கு டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். எங்களுக்கு மற்றவர்களைப் புரிவதில்லை என்பது பாதிக் கதைதான், மற்றவர்களுக்கும் எங்களைப் புரிவதில்லை, சிக்கல் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது என்றார். இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று சொல்லலாம். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைச் சோதிக்க நாம் பள்ளிக்கூடத்தில் விளையாடும் ரகசியம் கடத்தும் விளையாட்டு மாதிரி ஒன்றைச் செய்தார்கள். எட்டெட்டுப் பேராகச் சங்கிலி, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த சங்கிலியில் கதை மற்றவர்கள் சங்கிலி அளவுக்கே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு தரப்பும் கலந்த சங்கிலியில்தான் விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. எங்கள் குழுவில் இந்த ஆய்வை வேதம் மாதிரி சொல்கிறவர்கள் உண்டு. அதே குழுவினர் 2025-இல் முந்நூறு பேருக்கு மேல் வைத்துத் திரும்பச் செய்தபோது கலந்த சங்கிலியில் அந்தச் சரிவு தெரியவில்லை, மூன்று வகையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. எனக்கு இரண்டாவது ஆய்வுதான் அதிகம் பிடித்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவரோடுதான் பழக முடியும் என்று கதவைச் சாத்திக்கொள்ளத் தேவையில்லை என்று அதை எடுத்துக்கொள்கிறேன்.

இணையக் குழுவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் திடீரென்று காணாமல் போவார்கள். ஒரு சொல்லை வைத்து மூன்று நாள் சண்டை நடக்கும். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் தேடியபோது கிடைத்ததெல்லாம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு எழுதியவை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து நாற்பது வயதாகி, வாடகை வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவற்றை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போல.

பார்க்காமலே நட்பு என்றால் உடனே பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் சொல்வோம். பள்ளியில் அதை எழுதிப் பத்து மார்க் வாங்கியவள்தான் நானும். ஆனால் அந்தக் கதையில் ஆந்தையார் கடைசியில் உறையூருக்குக் கிளம்பிப் போகிறார். வந்து சேர்ந்தபோது சோழன் வடக்கிருந்தாயிற்று. இரண்டு வருஷம் முன்பு காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தேன். ஒருவர் கோவையிலிருந்தும் ஒருவர் டொரன்டோவிலிருந்தும் மணிக்கொரு தடவை விசாரித்தார்கள். நிஜமான அக்கறைதான், சந்தேகமில்லை. கஞ்சி வைத்துக் கொண்டுவந்தது கீழ்வீட்டு அக்கா. அதுவரை அவரோடு நான் பேசியதெல்லாம் தண்ணீர் மோட்டார் பற்றி மட்டும். இணையக் குழுவுக்கு என் நோட்டில் தேறும் நேரம் ஏறக்குறைய பூஜ்யம், மிச்சமும் நிறையவே உண்டு. இருந்தும் ஞாயிறு நாலு மணி அடைப்பு அதனால் முழுசாகப் போகவில்லை. பக்கத்தில் ஒரு உடம்பு மூச்சுவிட்டுக்கொண்டு இருப்பது வேறு விஷயம்.

அதனால்தான் நாலாவது வழிக்கு வந்தேன். பறவை பார்ப்பது. சென்னையில் இதற்குப் பஞ்சமில்லை. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-லிருந்து இருக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது, அதில் யாரும் அவரவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் நாள் பதினைந்து நிமிஷத்தில் காகம் ஆறு, மைனா இரண்டு, புறா பதினொன்று. எண்ணச் சொன்னால் போதும், எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

அப்புறம் ஒரு சிறிய குழுவோடு பெரும்பாக்கம் போகத் தொடங்கினேன், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத் தெற்கே. (பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது.) காலை ஐந்தே முக்காலுக்குக் கரையில் நிற்க வேண்டும், எட்டு மணிக்கு முடிந்துவிடும். அங்கே ஒரு சார் வருவார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முதல் நாள் என் பக்கத்தில் நாற்பது நிமிஷம் நின்றார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "கோரைக்கு இடது பக்கம். நீலத் தாழைக்கோழி. குஞ்சோட" என்றார். பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒன்று, நெற்றியில் சிவப்பு, பின்னால் கறுப்பாக மூன்று உருண்டைகள். "மூணு" என்றேன். "நாலு" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்ததும் கோரைக்குள்ளிருந்து நாலாவது வந்தது. இரண்டு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

அன்றைக்கு எங்களுக்குள் நடந்த உரையாடல் அவ்வளவுதான். திங்கட்கிழமை நோட்டில் தேறும் நேரம் என்ற இடத்தில், காலையில் எழுந்ததற்கு ஒரு குட்டித் தூக்கம் என்று எழுதியிருக்கிறேன். மிச்சம் என்ற இடத்தில், நாலாவது குஞ்சு. தாம்பூலப் பைக்கு அப்புறம் இதுதான்.

ஏன் இது எனக்குத் தோதாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிறோம். பேசாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. கைக்கு ஒரு வேலை இருக்கிறது. எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரியும். வெயில் தாங்கவில்லை என்றால் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம். ஒரு தடவை மட்டும் நடக்கும் அறிமுகக் கூட்டங்களுக்கு நாலு முறை போய்ப் பார்த்தேன், ஒவ்வொன்றும் குட்டிக் கல்யாண மண்டபம். எனக்கு ஒருவர் பிடிபடவே ஆறேழு சந்திப்பு ஆகும். அதற்குள் முடிந்துபோகிற எதுவும் எனக்கு உதவாது.

பறவை ஆகாதவர்களுக்குச் சதுரங்கம் உண்டு, தையல் வகுப்பு உண்டு, உழவாரப்பணி உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி ஒன்று உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள், அங்கே போய் நாம் நம் வேலையைப் பார்க்கலாம். தினமும் பார்க்கும் முகம் ஒன்றிரண்டு மாதத்தில் தலையசைக்கும். அதுவும் கணக்கில் சேரும்.

வீட்டைவிட்டு வெளியே போகவே முடியாத வாரங்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா எனக்கு உதவுகிறது. இது பறவைக்கும் இணையக் குழுவுக்கும் நடுவில். 2003-லிருந்து ஓடுகிறது, ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். எழுத்துப்பிழை திருத்துவதிலிருந்து தொடங்கலாம். பொதுப்பேச்சுக்கான பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்ல விக்கியன்பு என்று ஒரு பொத்தானே இருக்கிறது! பேசினால் நான்கு அலைக்குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது வரை எல்லா விதியும் எழுதியே கிடக்கிறது. வாழ்க்கையில் மற்ற இடங்களில் விதிகளை யாரும் எழுதி ஒட்டுவதில்லை, மீறினால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். குறை என்னவென்றால் நான் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். ராத்திரி இரண்டு மணி வரை ஏரிகளின் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் ஆவியாக அலைந்திருக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் போன மனநல ஆலோசகர், கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகுங்கள், நாலு பேரோடு கலகலப்பாக இருங்கள் என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டாமவர் ஆட்டிசம் தெரிந்தவர். எது தனிமை, எது மனச்சோர்வு, எது வெறும் களைப்பு என்று எனக்குப் பிரித்துக் காட்டினார். அது பெரிய உதவி. ஆனால் ஆலோசகர் நண்பர் ஆக முடியாது, ஐம்பது நிமிஷத்தில் மணி பார்ப்பார், பார்க்கத்தான் வேண்டும். உயிரோடு இருப்பதே சலித்துப்போன நிலை என்றால் இந்த ஒப்பீட்டையெல்லாம் மூடி வைத்துவிட்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் அது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

பூனை நல்ல துணை. உற்றுப் பார்ப்பது அதற்கும் பிடிக்காது. வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, முடிந்தது. செயற்கை நுண்ணறிவோடு பேசிப் பார்த்தேன். கேஸ் ஏஜென்சிக்குப் போன் செய்வதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க அது உதவுகிறது. ஞாயிறு நாலு மணிக்குப் பேசினால் தேறும் நேரமும் பூஜ்யம், மிச்சமும் பூஜ்யம். நான் வரவில்லை என்றால் அது தேடாது.

இப்போதைக்கு என் முடிவு இப்படி: மாதத்தில் இரண்டு ஞாயிறு பெரும்பாக்கம், புதன் இரவு குழு, வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மிகாமல் விக்கி, தென்காசி ஐந்தைந்து நாளாக. கல்யாணங்களுக்குப் போவேன், ஆனால் போனதும் தாம்பூலப் பை அறை எங்கே என்று கேட்டுவிடுவேன். உங்களுக்கு இந்த வரிசை மாறலாம். வேலையும் மாஸ்கிங்கும் சேர்ந்து உங்களை ஏற்கெனவே படுக்கையில் தள்ளியிருந்தால் புது ஆட்களிடம் போகாதீர்கள், கேமரா இல்லாத குழுவில் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள், அதுவும் முடிகிற அன்றைக்கு. வருஷக்கணக்காகத் திரைக்குள்ளேயே இருக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் நின்று ஏதாவது செய்கிற இடம் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். ஆறு தடவையாவது போன பிறகு முடிவெடுங்கள். இரண்டாவது தடவை நான் திரும்பிவிடப் பார்த்தேன், பேருந்து வராததால்தான் நின்றேன்.

இதை எழுதிக்கொண்டிருப்பது சனிக்கிழமை இரவு. சாரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. "நாளை 5.45. வழக்கமான இடம்."

"வருகிறேன் சார். மழை வந்தால்?"

"குடை."